நான்கு பட்டை கட்டிய கை

எங்கள் தேர்வுப் பிரிவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பதிவாளருக்கும் அவர் தபால் அண்ணன்தான், மதிப்பெண் சான்றிதழுக்காக வாசலில் காத்து நிற்கும் மாணவனுக்கும் தபால் அண்ணன்தான். பல்கலைக்கழகத்தின் ஏழு கட்டடங்களுக்கும் இருபத்தெட்டு வருடமாகக் கோப்பு சுமந்தவர். இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி, மைதானத்தைச் சுற்றிப் போய், நிர்வாகக் கட்டடத்தின் மூன்றாம் மாடி ஏறுவார். அங்கே, "தேதி போடலியே" என்று திருப்பி அனுப்புவார்கள். தேதி போட மறந்தவர் எங்கள் அறையில் நாற்காலியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாடி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்து இழுத்து இழுத்து ஏறுவார். "ஊரு பூரா நடந்துட்டு வர்றீங்க, நம்ம வீட்டுப் படியில ஏத்திவிட மட்டும் நான் வேணுமா?" என்று மனைவி கேட்பாராம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரிப்பார்.

நூலக வாசலில் மாணவர்களின் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை காலியானது. நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கும் வேலை. நடந்து நடந்து முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, தபால் அண்ணன் அதைக் கேட்டு மனு எழுதினார். தட்டச்சு செய்து கொடுத்தது நான். பரிந்துரைக் கையெழுத்து மட்டும் எங்கள் கண்காணிப்பாளர் போட வேண்டும்.

அந்த மாதம்தான் உடற்கல்வித் துறையிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பல்கலைக்கழக ஊழியர்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கிறார்கள் என்று அளக்கப் போகிறார்களாம். மேசை வேலை பார்ப்பவர்களுக்கு, நடக்கும் அடிகளை எண்ணும் கைப்பட்டை ஆளுக்கொன்று கொடுத்தார்கள். தபால் அண்ணனும் கையை நீட்டினார்.

"நீங்கதான் எப்பவும் நடக்கிறீங்களே, உங்களை அளந்து என்ன பண்ண?" என்றாள் ஆய்வு செய்ய வந்த பெண்.

ஒரு நாளைக்கு ஏழாயிரம் அடிக்குக் குறைந்தவர்கள் காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்கு வந்து உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் நாள் கண்காணிப்பாளரின் பட்டையில் தொள்ளாயிரம் அடி. அதில் பாதி உணவகத்துக்குப் போய் வந்தது.

மறுநாள் அவர் பட்டையைக் கழற்றினார். "அண்ணே, சும்மாதானே போறீங்க. இதையும் கூட்டிட்டுப் போங்க."

"அதுக்கென்ன சார், குடுங்க. அந்த மனு மட்டும்..."

"பாத்துக்கலாம் விடுங்க."

மதியத்துக்குள் காசாளரும் கழற்றினார், பிரிவு எழுத்தரும் கழற்றினார். நான் ஒரு நாள் யோக்கியம் பேசினேன். அடுத்த நாள் நானும் கொடுத்தேன். ஒரே கையில் நான்கு பட்டை, சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு மூன்று வாரம் நடந்தார். நாங்கள் கடைக்கு அனுப்பினால்கூட முகம் சுளிக்காத மனிதர், அந்தக் கையெழுத்துக்காக இன்னும் இரண்டு நடை கூடவே நடந்தார். கண்காணிப்பாளரும் கையெழுத்துப் போட்டார். அதைக் குறை சொல்ல முடியாது.

முடிவில் ஒரு கேள்வித்தாள் தந்தார்கள். முழங்காலில் வலி உண்டா என்று அதில் கேட்டிருந்தார்கள். நாங்கள் நால்வரும் இல்லை என்று எழுதினோம். உண்மையைத்தான் எழுதினோம். உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு முழங்கால் எப்படி வலிக்கும்?

ஆய்வில் எங்கள் பிரிவுக்கு முதலிடம். கண்காணிப்பாளர் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

பத்து நாள் கழித்து, நிர்வாகக் கட்டடத்திலிருந்து கொண்டுவந்த தபால் கட்டில் தன் பெயருக்கு ஒரு கடிதம் இருப்பதைத் தபால் அண்ணன் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று என்னிடம் நீட்டினார். படித்தேன். தேர்வுப் பிரிவில் தினமும் பதினெட்டாயிரம் அடி நடக்கும் நால்வருக்கும் முழங்கால் வலி இல்லை என்று நம் பல்கலைக்கழக ஆய்விலேயே தெரிகிறது. எனவே நடைதான் வலிக்குக் காரணம் என்ற மனுதாரரின் கூற்றை ஏற்பதற்கில்லை. அவர் தொடர்ந்து நடப்பதே நல்லது என்று மருத்துவ அலுவலர் கருதுகிறார்.

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார். "அந்த நாலு பேரு நீங்கதானே மேடம்?"

"ஆமாண்ணே."

"பட்டையைக் கட்டிக்கிட்டு நடந்தது நான்தான்னு ஒரு வரி எழுதித் தர்றீங்களா?"

தருகிறேன் என்றேன். கண்காணிப்பாளரிடம் கேட்டேன். "எழுதுங்க, நல்லா எழுதுங்க. நாலு பேரும் விளக்கம் குடுத்துட்டு, சம்பள உயர்வு இல்லாம உக்காந்திருக்கலாம்" என்றார். காசாளர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவே இல்லை. நூலக வாசலில் யாரோ ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். தபால் அண்ணன் என்னிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியாவது அனுப்பியிருப்பேன், எனக்கும் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும்.

இன்னும் மூன்று வருடம் நடந்தே ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் கண்காணிப்பாளர் மைக்கைப் பிடித்து, "தபால் அண்ணன் மாதிரி நடந்தா நமக்கெல்லாம் நோயே வராது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சால்வை வாங்க மேடைக்கு இரண்டே படி. அவரால் ஏற முடியவில்லை. இரண்டு பக்கமும் ஆள் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. ஒரு பக்கம் அவர் மனைவி பிடித்திருந்தார். இன்னொரு பக்கம் நான்.