செத்தவீட்டுக்காரர் சுட்டுத் தந்த மீன்

ஜேர்மனியில், வுப்பர்டாலில் எங்கடை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்த்துக்கேயச் சாப்பாட்டுக்கடை. புருசனும் பெண்சாதியும்தான் நடத்தினவை. மனிசி போன கிழமை செத்துப்போனா.

இன்றைக்குக் கடை திறந்திருந்தது. டொக்டருக்குப் படிக்கிற என்ரை பேத்தியோடு போனேன். மனுசன் தனிய நின்று சாளை மீன் சுட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

எனக்கு இறங்கவில்லை. எங்கடை ஆக்கள் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டினம். அயலவைதான் சமைத்துக் கொடுக்கிறது.

“அடுப்பை நிப்பாட்டிப்போட்டுக் கொஞ்சம் இருக்கச் சொல்லு பிள்ளை” என்றேன்.

பேத்தி டொச்சு மொழியில் சொன்னாள். அவர் சொன்ன மறுமொழியை எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள்.

“நிப்பாட்டினால் மேல்மாடியில இருக்கிற வீட்டுக்குப் போகவேணுமாம் அம்மம்மா. அங்கை ஒருத்தரும் இல்லையாம்.”

மீன் முழுவதையும் சாப்பிட்டேன்.

நாளைக்குச் சோறும் பருப்பும் கொண்டுபோறன். போர்த்துக்கேயர் எவ்வளவு உறைப்புத் தாங்குவினம்? தெரிந்தவை சொல்லுங்கோ, அந்த மனுசன் அழுதது போதும்.