சந்தாபுரா ஷெட்டில் ஒரு கிரேக்க வீரன்

ரிச்சர்ட்ஸ் டவுன் சில்வெஸ்டர் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அறுபது வயதுக்கு மேல் அவருக்குச் சிலை செய்யும் ஆசை வந்தது. அதுவும் பழங்கால கிரேக்கப் போர்வீரன். இரும்புக்கம்பி எலும்பு, செப்புத் தகட்டுத் தலைக்கவசம், மரக் கேடயம், தேங்காய் நார்க் கொண்டை. மார்பு மட்டும் வெள்ளை பிளாஸ்டர். அந்த வெண்மையைத் தேய்த்துக் கொண்டுவரவே ஒரு மழைக்காலம் போனது.

வீட்டில் வெல்டிங் செய்ய முடியாது. நகரத்துக்கு வெளியே சந்தாபுராவில் கேட், கிரில் செய்யும் ப்ரஹ்லாத்தின் ஷெட்டில் ஒரு மூலை கிடைத்தது. கம்பி வளைப்பது, பற்றவைப்பது எல்லாம் ப்ரஹ்லாத்தும் ஆட்களும்தான். கண்காட்சியில் வைக்க ஒரு ஆர்ட் காலரி ஒப்புக்கொண்டது. சில்வெஸ்டரின் முதல் கண்காட்சி. மேல்பூச்சு ஒன்றுதான் பாக்கி.

ஆயுதபூஜைக்கு மறுநாள் போனார். வாசலில் உடைத்த பூசணி. உள்ளே எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம். வீரனுக்கும். ஈட்டி முனையில் எலுமிச்சம்பழம், மார்பின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம்.

“யாருய்யா இத பண்ணது?”

“நான்தான் சார்,” என்றார் ப்ரஹ்லாத். “டிரில்லுக்கு வச்சோம், வெல்டிங் மெஷினுக்கு வச்சோம். இவனும் நம்ம ஷெட்டு ஆளு. சும்மா நிறுத்தினா நல்லாவா இருக்கும்?”

“அறிவிருக்கா உனக்கு? ஆர்ட்டுக்கும் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாதா?”

வேலையாட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொரித் தட்டோடு வந்த ப்ரஹ்லாத்தின் மனைவி யசோதா, “ஏசுசாமி கோச்சுக்குவாருன்னு பயமா சார்?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

சில்வெஸ்டர் ஈரத்துணியால் துடைத்தார். பிளாஸ்டர் சாயத்தைக் குடித்தது. சிவப்பு இடுப்புவரை இறங்கியது. அழாத குறையாகக் காலரி நடத்தும் ஸ்ரீரஞ்சனியை அழைத்துக் காட்டினார்.

அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “சார், ப்ளீஸ், இனி தொடாதீங்க. இந்தக் குங்குமம்தான் ஆர்ட்டே!”

இரண்டு தேசங்களின் ஆயுத வழிபாட்டைச் சிற்பி இணைத்திருக்கிறார் என்று சிலையருகே அட்டை வைத்தாள். சில்வெஸ்டர் அதைத் திருத்தவில்லை.

திறப்பு மாலையில் நல்ல கூட்டம். மைக்கோடு ஒரு பெண் கேட்டாள்: “குங்குமம் யாரோட ஐடியா சார்?”

“என்னோடதுதான்.”

பக்கத்தில் நின்ற மனைவி மௌரீன் ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். ஆட்டோவில்தான் வாய் திறந்தாள். “ப்ரஹ்லாத் பேரச் சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்? அவன கூப்பிடக்கூட இல்ல நீங்க.”

“கூட்டத்துல வாயில வந்துடுச்சு, மௌரீன்.”

“கூட்டம் போன பிறகும் சொல்லலியே.”

அந்தப் பேட்டி வீடியோ போனுக்குப் போன் பரவியது. ஸ்ரீரஞ்சனி இன்னொரு வீரன் கேட்டாள். சில்வெஸ்டர் சந்தாபுராவுக்குப் போனார். பேச வேண்டியதை வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு போனார்.

ப்ரஹ்லாத் நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். “வீடியோ பாத்தோம் சார். நல்லா பேசினீங்க.”

“ப்ரஹ்லாத், அன்னிக்கு நான்…”

“விடுங்க சார், பேஜார் பண்ணிக்காதீங்க.”

சில்வெஸ்டர் புது வரைபடத்தை நீட்டினார். ப்ரஹ்லாத் அதை வாங்கவில்லை. வீரன் நின்ற மூலையில் இப்போது கேட்டுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

“இங்க எடம் இல்ல சார். வேற ஷெட் பாத்துக்கோங்க. டீ ஆறுது, குடிங்க.”