பஸ்ரியன் வைச்ச வெள்ளிக்கிழமை

கனடாவில, மல்வேர்னில பஸ்ரியன் அண்ணையைத் தெரியாத ஆக்கள் இருக்கலாம், அவற்ற வாயைத் தெரியாத ஆக்கள் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓடுற மனுசன். ஆற்றையேன் வீடு மாறுற வேலை எண்டாலும், செத்த வீடு எண்டாலும் முதல் ஆளா வந்து நிப்பார். பனிக்குள்ள கார் இறுகினால் பனி அள்ளுற சவளோட ஓடி வருவார். கை நல்லம், மனசு அதைவிட நல்லம். வாய்தான், ஐயோ!

உள்ளதை உள்ளபடி சொல்லுறது சிலருக்குக் குணம். பஸ்ரியனுக்கு அது வியாதி. ஒருத்தர் புது வீடு வாங்கிக் குடிபூரலுக்குக் கூப்பிட்டால், வந்த சனம் எல்லாத்துக்கும் கேக்க, "வீடு வடிவு, ஆனா பேஸ்மென்ற் மணக்குது, தண்ணி வரும் போல" எண்டுவார். அடுத்த மழைக்குத் தண்ணி வரும்தான். அதுக்காக ஆராவது அவருக்கு நன்றி சொன்னதோ? மாதா கோயிலில நல்ல பாட்டுக்காரர் எண்டு பேர் எடுத்த மனுசனை மறிச்சு, "இண்டைக்கு உங்களுக்குத் தடிமனோ?" எண்டு கேட்டவர் இவர். பாவம், அந்தாளுக்குத் தடிமனும் இல்லை ஒண்டும் இல்லை.

இதெல்லாம் சிரிச்சுவிடுற விசயம். மகள் கிறிஸ்ரினாவின்ர சம்பந்தம் குழம்பினது சிரிக்கிற விசயமில்லை. மாப்பிள்ளையின்ர தாய் வெள்ளிப் பேப்பரில சுத்தி, தான் விடிய எழும்பிப் பொரிச்சதெண்டு கட்லட் கொண்டு வந்தா. பஸ்ரியன் ஒண்டைக் கடிச்சார். கண்ணை மூடி மென்றார். "இது எங்கட முடக்குக் கடைக் கட்லட் எல்லே? நான் கிழமைக்குக் கிழமை வாங்கிறனான், எனக்குத் தெரியாதே!" எண்டார். அதுக்குப் பிறகு அந்த வீட்டில இருந்து ஒரு ரெலிபோன் கோலும் வரேல்லை. மனுசி மெற்றில்டா அவரோட எத்தினையோ நாள் முகம் குடுத்துக் கதைக்கேல்லை. மகள் மட்டும் ஒண்டும் சொல்லாமல் வேலைக்குப் போய் வந்தாள். பஸ்ரியனைத் திண்டது அந்த மௌனம்தான். பேசியிருந்தாலும் பரவாயில்லை எண்டு கோப்பிக் கடையில இருந்து அழுதவர்.

இப்ப கிறிஸ்ரினா தானே ஒருத்தனை விரும்பியிருக்கிறாள். யூட்சன் எண்டு பேர். அவளோட ஒரே கிளினிக்கில வேலை செய்யிற பெடியன். வீடு மில்லிக்கன். தேப்பன் சீமோன் வாய் பேசாத சாது. தாய் பிலோமினா அப்பிடியில்லை. கோயிலில பாடகர் குழுவும் அவதான், செபக்கூட்டமும் அவதான், பிந்தி வாற சனத்தைத் திரும்பிப் பார்த்து முறைக்கிறதும் அவதான். அவ ஓம் எண்டால்தான் யூட்சன் ஓம். உது கிறிஸ்ரினாவே ஒளிக்காமல் சொன்ன கதை.

"ரெண்டு பக்கமும் ஒருக்கா சந்திச்சுக் கதைக்கட்டுமாம். அப்பா, உங்களுக்கு எந்த நாள் வசதி?" எண்டு மகள் கேட்டாள்.

மகள் தன்னட்டை நாள் கேட்டதில பஸ்ரியனுக்குத் தலைகால் தெரியேல்லை. சனி கோயில் மண்டபத்தில வேலை, ஞாயிறு ஒருத்தருக்கு வீடு மாத்திக் குடுக்க வேணும். "வெள்ளி வையுங்கோ" எண்டார். "இடமும் நான் சொல்லுறன். அந்த யங் ஸ்ட்ரீற் கொரியன் கடை."

அந்தக் கடைக்குப் போன வருசம் மகள் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போனவள். மேசைக்கு நடுவில நெருப்பு, நெருப்புக்கு மேல பண்டி இறைச்சி. கிறிஸ்தவ ஊரான பாசையூரில பிறந்த மனுசனுக்குப் பண்டி இறைச்சி எண்டால் சொல்லவும் வேணுமே? அண்டையில இருந்து பஸ்ஸுக்குள்ள இருந்து வாயூறிக்கொண்டு திரிஞ்சவர். பேர் போன கடை, இடம் பிடிக்கிறது கல்லில நார் உரிக்கிற வேலை. யூட்சன் என்னமோ செய்து பிடிச்சுப்போட்டான். மெற்றில்டாவுக்கு எந்தச் சீலை கட்டுறது எண்ட யோசினை. நாளைப் பற்றி ஆர் யோசிச்சது?

காருக்குள்ள வைச்சுக் கிறிஸ்ரினா ஒரு சொல்லுத்தான் சொன்னாள். "அப்பா, ப்ளீஸ். அங்க சாப்பிடுறதுக்கு மட்டும் வாயைத் திறவுங்கோ. எனக்கு இவனைப் பிடிச்சிருக்கு." பஸ்ரியன் உயிர் போனாலும் கதைக்கிறேல்லை எண்டு மனதுக்குள்ள சத்தியம் பண்ணினார்.

கடை வாசலில சமையல் தொப்பி போட்ட பண்டியொண்டு பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம். அதுக்குக் கீழ பனிக்குள்ள ஒரு பெரிய லைன். பிலோமினா அந்தப் படத்தை ஏற இறங்கப் பார்த்தா. ஒண்டும் சொல்லேல்லை. உள்ளுக்குப் போனால் ஒவ்வொரு மேசைக்கும் மேல கூரையில இருந்து புகைக்குழாய் தொங்குது. இருக்கிற ஸ்ரூலின்ர மூடியைத் திறந்து ஜக்கெற்றை அதுக்குள்ள போட வேணும். சீமோன் தன்ர ஜக்கெற்றோட தொப்பி, கையுறை, சால்வை எல்லாத்தையும் போட்டு மூடி, அதுக்கு மேல அடக்க ஒடுக்கமா ஏறி இருந்தார்.

கடைக்காரி ஒரு வயது போன கொரியன் மனுசி. ஒரு கையில இடுக்கி, மற்றக் கையில கத்தரிக்கோல். வந்த வேகத்தில தட்டுத் தட்டா மரக்கறிச் சாமான் பரப்பினா. கோவாவை உறைப்பில ஊறவைச்ச கிம்ச்சி, முளைப்பயறு, வெங்காயம், சலாட் இலை. பிறகு விரல்மொத்தக் கொழுப்போட நீளநீளமா பண்டித் துண்டுகளைத் தூக்கி நெருப்பில போட்டா. "ஸ்ஸ்ஸ்" எண்ட சத்தத்தோட ஒரு வாசம் எழும்பிச்சுது. பஸ்ரியனுக்கு நாரியில இருந்து உச்சந்தலை வரைக்கும் கூசிச்சுது.

அப்பத்தான் பிலோமினா முதல்முதலா வாய் திறந்தா. மெற்றில்டாவைப் பார்த்துச் சிரிச்சபடி, "இப்ப கோயிலில சிலுவைப்பாதை தொடங்கியிருக்கும். நான் பாட்டுக்கு வரேலாதெண்டு ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" எண்டா.

சிலுவைப்பாதை! பஸ்ரியனுக்கு நெஞ்சுக்குள்ள பஸ்ஸுக்குச் சடன் பிரேக் பிடிச்ச மாதிரி இருந்துது. சிலுவைப்பாதை எண்டால் தபசு காலம். தபசு காலத்து வெள்ளி. இறைச்சி தொடக்கூடாத நாள்! பாசையூரில தபசு வெள்ளியில இறைச்சிச் சட்டி ஆற்றையேன் அடுப்பில ஏறினால் தெருவே மணந்து பிடிக்கும். அப்பிடிப்பட்ட நாளில செபக்கூட்டத் தலைவியைக் கூட்டிக்கொண்டு வந்து பண்டிக்கு முன்னால இருத்திப்போட்டு நிக்கிறார். நாள் வைச்சது ஆர்? பஸ்ரியன். கடை சொன்னது ஆர்? அதுவும் பஸ்ரியன். மெற்றில்டாவைப் பார்த்தார். அவவுக்கும் இப்பத்தான் விளங்கியிருக்கு, முகம் சுண்ணாம்பாய்ப் போச்சுது. மேசைக்குக் கீழால அவற்ற தொடையில ஒரு கிள்ளு விழுந்துது. பஸ்ரியன் கத்தவும் ஏலாமல் கதைக்கவும் ஏலாமல் கிம்ச்சியை அள்ளி வாய்க்குள்ள அடைஞ்சார்.

"அப்பா, தொடங்குங்கோவன்" எண்டாள் கிறிஸ்ரினா. பெரிய ஆக்கள் தொடங்காமல் சின்னன்கள் தொடக்கூடாதெண்டு அவளுக்கும் யூட்சனுக்கும் சொல்லி வளர்த்தது. ரெண்டும் கனடாவில பிறந்ததுகள், வீட்டில ஆரும் சொல்லாட்டில் தபசு நினைப்பு வராது.

"முதல் மாப்பிள்ளை வீட்டார்" எண்டு மெற்றில்டா மெல்லச் சொன்னா.

"சீ, கூப்பிட்ட வீட்டார்தான் முதல்" எண்டா பிலோமினா.

பிறகு என்ன, ஆரும் தொடேல்லை. கடைக்காரி பிரட்டினா, வெட்டினா, பொன்னிறமா வெந்ததை ஓரத்தில அடுக்கினா. "ஈற்! ஈற்!" எண்டா. பெரிய ஆக்கள் தலையை ஆட்டிக்கொண்டு முளைப்பயறு சாப்பிட்டினம். முளைப்பயறு முடிஞ்சு திரும்ப வந்துது, அதுவும் முடிஞ்சுது. பண்டி இறைச்சிக்குப் பேர் போன கடையில முளைப்பயறுக்கு இப்பிடி ஒரு கிராக்கி முந்தி வந்திராது. கிம்ச்சியின்ர மருத்துவக் குணத்தைப் பற்றி மெற்றில்டா ஒரு பிரசங்கமே வைச்சா. அங்கால துண்டுகளின்ர ஓரம் கறுக்கத் தொடங்கிட்டுது. கடைக்காரிக்குப் பொறுக்கேல்லை. தன்ர இறைச்சியில ஏதோ குற்றம் கண்டிட்டினம் எண்டு நினைச்சிருப்பா போல. ஒரு சலாட் இலையை எடுத்து, அதில பெரிய துண்டொண்டு, உள்ளி, உறைப்பு எல்லாம் வைச்சுப் பொட்டலமாக்கி, கிட்ட இருந்த சீமோனின்ர வாய்க்கு நேர நீட்டினா. "ஆ!" எண்டா.

ஒரு பொம்பிளை ஒண்டைச் சொன்னால் கேள்வி கேக்காமல் செய்து பழகின மனுசன் சீமோன். வாயைத் திறந்தார். பொட்டலம் முழுசா உள்ளுக்குப் போட்டுது.

சீமோன் மென்றார். கண் தானா மூடிச்சுது. "ம்ம்ம்" எண்டு, வயித்துக்குள்ள இருந்து வந்தமாதிரி ஒரு சத்தம் வந்துது. பிலோமினா மனுசனைத் திரும்பிப் பார்த்தா. கோயிலில பிந்தி வாற சனத்துக்குக் குடுக்கிற அதே முறைப்பு.

யூட்சனின்ர முகம் வெளிறிப்போச்சுது. கிறிஸ்ரினா தாயின்ர முகத்தையும் மாமியாரா வரவேண்டிய மனுசியின்ர முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன பிழையெண்டு தெரியாட்டிலும் எல்லாம் கைவிட்டுப் போகுதெண்டு அவளுக்குத் தெரிஞ்சிட்டுது, கண் கலங்கிட்டுது. மகளின்ர கண்ணைக் கண்டவுடன பஸ்ரியனின்ர சத்தியம் எங்க நிண்டுது?

"அக்கா, அவரைப் பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ" எண்டார். "பிழை முழுக்க என்ர. நாள் வைச்சதும் நான், கடை சொன்னதும் நான். இண்டைக்குத் தபசு வெள்ளி எண்டு எனக்கு நினைப்பே இல்லை. மறந்துபோனன் எண்டு சொல்லிச் சமாளிக்கலாம். ஆனா உள்ளதைச் சொல்லுறன், போன வெள்ளியும் பஸ்ஸுக்குள்ள இருந்து மாட்டிறைச்சி ரோல்ஸ் சாப்பிட்டனான்."

"ஐயோ, இந்த மனுசன்!" எண்டு மெற்றில்டா தலையில கை வைச்சா.

"பொறும், நான் சொல்லி முடிக்கிறன். அக்கா, எங்கட பிள்ளை நல்ல பிள்ளை. அவளுக்கு உங்கட மகனை விருப்பம். முந்தியொருக்கா என்ர வாயால ஒண்டு குழம்பினது, அவள் என்னை ஒரு சொல்லுப் பேசேல்லை. இதுவும் என்னால குழம்பினால் நான் தாங்க மாட்டன். என்னை வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, நான் உங்கட வாசல்படி மிதிக்க மாட்டன். பிள்ளையை மட்டும் வேண்டாம் எண்டு சொல்லிப்போடாதேங்கோ."

பிலோமினா மகன் பக்கம் திரும்பினா. "டேய், இப்ப நான் கதைக்கலாமோ?"

யூட்சன் தலையைக் குனிஞ்சான்.

"இவன் என்னை என்ன சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தவன் தெரியுமோ?" எண்டா பிலோமினா. "என்ன நடந்தாலும் முகத்தைச் சுழிக்காதேங்கோ, ஒருத்தருக்கும் புத்தி சொல்லாதேங்கோ எண்டு. இவனுக்கு முந்தி வந்த சம்பந்தம் ஒண்டு என்ர வாயாலயும் குழம்பினதுதான். வாசலில பண்டிப் படத்தைக் கண்ட நேரம் தொடக்கம் நாக்கைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறன், இனிக் கடிக்க நாக்கு இல்லை. இவ்வளவு நேரமும் என்ன நினைச்சனான் தெரியுமோ? இந்தச் சனத்துக்கு வெள்ளி எண்டு தெரிஞ்சும், எனக்கு முன்னால ஒண்டும் தெரியாத மாதிரி நடிக்கினம் எண்டு. உங்களுக்கு நடிக்கவே வராது போல கிடக்கு."

"அவருக்கு வராது, அக்கா" எண்டு மெற்றில்டா சத்தியம் பண்ணாத குறையாச் சொன்னா.

"அப்ப ஒண்டு கேக்கிறன், உள்ளதைச் சொல்லுங்கோ" எண்டு பிலோமினா பஸ்ரியனை நேரா பார்த்தா. "என்ர மகனைப் பற்றி என்ன நினைக்கிறியள்?"

கிறிஸ்ரினா மேசைக்குக் கீழால உதைஞ்சாள், அது சீமோனின்ர காலில பட்டுது. பஸ்ரியன் யூட்சனை மேலயும் கீழயும் பார்த்தார்.

"நல்ல பெடியன். குணமான பெடியன். ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. உங்களுக்குப் பயந்து இன்னும் ஒரு முளைப்பயறும் அவன்ர வாய்க்குள்ள போகேல்லை."

பிலோமினா சிரிக்கத் தொடங்கினா. சும்மா சிரிப்பில்லை, பாடகர் குழுவில பாடிப் பழகின தொண்டை, பக்கத்து மேசைச் சனமெல்லாம் திரும்பிப் பாத்திச்சுது. "அது உண்மை! கட்டினாப் பிறகு உங்கட மகளுக்குப் பயப்பிடுவான், பழகினவன்தானே!"

கடைக்காரியைக் கூப்பிட்டு, இறைச்சி முழுக்க கட்டித் தரச் சொன்னா. "நாளைக்கு எல்லாரும் எங்கட வீட்டை வாங்கோ. இதை மிளகு போட்டுப் பிரட்டித் தாறன், சனிக்கிழமை ஆசைதீரச் சாப்பிடுவம்." மனுசன் பக்கம் திரும்பினா. "நீங்கள் திண்டதுக்கு இரவைக்கு ஒரு செபமாலை கூடச் சொல்ல வேணும்."

சீமோன் அண்டைக்கு முழுக்க கதைச்சது ஒரேயொரு வசனம்தான். "ஒரு செபமாலைக்கு எத்தினை துண்டு?" எண்டு கேட்டார்.

பஸ்ரியனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துது. நாளைய மண்டப வேலையை ஆற்ற தலையில கட்டுறது எண்டு அவர் யோசிக்கேல்லை. துவாயால மூக்கைத் துடைச்சுப்போட்டு, "அப்ப அக்கா, நல்ல காரியத்தை ஏன் இழுப்பான்? கலியாண எழுத்துக்கு ஒரு நாளை நான் இப்பவே சொல்..." எண்டு தொடங்கினார்.

பிலோமினா கையைத் தூக்கி மறிச்சா.

"சம்பந்தி, நீங்கள் என்னவும் கதையுங்கோ. நாளை மட்டும் நான் வைக்கிறன்."