முருங்கனில் எரிந்த லைற்

எங்கள் காருக்கு என்னைவிட வயது கூட. யப்பானில் யாரோ ஓடி முடித்து, கொழும்பில் யாரோ ஓடிக் களைத்து, கடைசியில் மன்னாருக்கு வந்து சேர்ந்த கார். அதன் அடிப்பக்கத்தை உப்புக்காற்று மிச்சம் வைக்காமல் தின்றுகொண்டிருந்தது. அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக இருந்த நாளன்று காலையில் பார்த்தால், முன் சில்லுக்குப் போகும் பிரேக் குழாய் வெடித்துக் கிடக்கிறது.

பின்னேரம் விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். கார் ஓடாவிட்டால் அம்மா போகமாட்டார் என்பது எட்டு வயதில் நான் போட்ட கணக்கு. அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. பேசாமல் போய்ப் புதுக் குழாய் வாங்கி வந்தார்.

குழாயை மாற்றினால் உள்ளே புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. அம்மாவின் தம்பியான மாமா சில்லுக்குப் பக்கத்தில் ஸ்பானருடன் குந்தினார். அப்பா உள்ளேயிருந்து பிரேக்கை மிதித்துப் பிடித்தார். மாமா காற்று போகும் திருகான நிப்பிளை இளக்க, எண்ணெயும் குமிழியுமாகக் கீழே வைத்த போத்தலுக்குள் வந்தது. அதை மறுபடி இறுக்கிய பிறகுதான் அப்பா காலை எடுக்கலாம். முந்தினால் வெளிக்காற்று உள்ளே போய்விடும்.

“மிதியுங்கோ அத்தான்... பிடியுங்கோ... ஓம், இப்ப விடுங்கோ.”

குமிழி நிற்கவில்லை. ஒவ்வொரு குமிழிக்கும் நான் பின்சீற்றிலிருந்து மாதாவுக்கு நன்றி சொன்னேன்.

மாமா நிப்பிளை இளக்கிய நேரம் பார்த்துக் கோயிலில் மதிய மணி அடித்தது. எங்கள் பக்கத்தில் மணி கேட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் திரிகால செபம் சொல்ல வேண்டும். மாமா நிப்பிளை இறுக்காமலே ஸ்பானரை வைத்துவிட்டு எழும்பிச் சிலுவை போட்டார். அப்பா காலை எடுத்து, இறங்கி, கைகூப்பி நின்றார். செபம் முறைப்படி முடிந்து கண்ணைத் திறந்தபோது காரின் பிரேக் எண்ணெய் டப்பா வற்றிக் கிடந்தது. செபம் சொன்ன அதே வாயால் மாமா ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

இப்போது காற்று ஏ.பி.எஸ் பெட்டிக்குள் போய்விட்டது. சடுதியாகப் பிரேக் பிடித்தால் சில்லு இறுகி வழுக்காமல் காக்கிற பெட்டி அது. அதற்குள் போன காற்று சும்மா மிதித்தால் வராது. பெட்டி வேலைசெய்தால்தான் அசையும். எண்ணெய் ஊற்றி, ஓரளவு பிரேக் பிடிக்கச் செய்துகொண்டு, அப்பா காரை ஆளில்லாத வெட்டைவெளிக்குக் கொண்டுபோனார். சரளையில் ஓட்டி ஓட்டிச் சடுதியாக மிதித்தார். கார் கடகடவென்று உதறி நின்றது. வீட்டுக்கு வந்து மறுபடி காற்று எடுத்தார்கள். மிதித்தால் பிரேக் கல்லுப்போல் நின்றது. மாமா சிரித்தார், நான் அழுதேன். அம்மா தன் பெட்டியைக் கொண்டுவந்து டிக்கியில் வைத்தார்.

உயிலங்குளம் தாண்டி முருங்கன் சந்தியை நெருங்கும்போது அப்பாவுக்கு முன்னால் டாஷ்போட்டில் மஞ்சள் லைற் ஒன்று எரிந்தது. அவர் உடனே காரை ஓரங்கட்டினார்.

“ஏ.பி.எஸ் லைற் எரியுது. இனிப் போகேலாது. திருப்புவம்.”

எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. அம்மாதான் மெதுவாகச் சொன்னார்:

“சில்லில உப்புப் பிடிச்சா எரியிற லைற்தானேப்பா. போன மாசமும் எரியேக்க அதோடதானே அனுராதபுரம் போய் வந்தனீங்கள். சாதாரண பிரேக் பிடிக்கும். எடுங்கோ.”

அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி இருந்தார். அம்மாவும் இன்னொரு முறை சொல்லவில்லை. பஸ்கள் எங்களைக் கடந்து போயின. பிறகு அப்பா காரை எடுத்தார்.

எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு சின்ன லைற்றுக்குக் காரை நிறுத்தத் தெரிகிறது, அம்மாவை நிறுத்தத் தெரியவில்லையே என்று விமான நிலையம்வரை அவரோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. முருங்கனில் அவர் நிறுத்திப் பார்த்தது அம்மாவைத்தான் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.