லாரி வராத நாள்

தேனியில் திருவிழாவுக்காக வண்டிகளை மறித்திருந்த தெருவில், வெயிலில் காய்ந்த தார் மேல் தண்ணீர் தெளித்த வாசனை வந்ததும், ரோட்டை அகலப்படுத்த இடித்துப்போட்ட எங்கள் சின்னமனூர் வீடு நினைவுக்கு வந்தது. வாசற்படி இறங்கினாலே குமுளிக்குப் போகும் லாரிகள்தான். பிள்ளைகள் நாங்கள் ரோட்டுக்கு ஓடிவிடுவோமோ என்று அம்மா வருஷம் முழுக்க அரைத் தூக்கம்தான் தூங்குவாள். சாமி ஊர்வலத்தன்று மட்டும் ரோட்டில் தண்ணீர் தெளித்து, லாரிகளை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். உறுமி மேளமும் வேட்டும் வீட்டை உலுக்க, அம்மா கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள்.

“உங்கம்மா சாமி பாக்க வரலையா?” என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்பாள்.

“தூங்குறாக.”

சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கும். சாயங்காலம் வரும் முதல் லாரி ஹாரன் அடித்ததுமே அம்மா எழுந்துவிடுவாள்.

தேனித் தெருவில் என் மகள் என்னை ஆடக் கூப்பிட்டு இழுத்தாள்.

“இங்கன வண்டி வராது, நீ போயி ஆடுத்தா” என்று அவள் கையை விட்டுவிட்டு, யார் வீட்டுப் படியிலோ சாய்ந்து கண்ணை மூடினேன்.