சர்க்குலருக்கு முதல் ரேங்க்

நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர், பள்ளிக்கூடத்துக்குள் முப்பத்தொரு வருடம் இருந்தார் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தலைமையாசிரியர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். மணி அடித்த கை மட்டும் மாறவில்லை. பட்டமில்லை, சிபாரிசில்லை, வாய் ஒன்றையே வைத்து முன்னுக்கு வந்த பியூன் அவர்.

தலைமையாசிரியர் எழுதும் சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்ப் படிப்பது அவர் வேலை. அதனால் அவருக்குப் பெயரே சர்க்குலர் என்றாகிவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் அந்தப் படிப்பு யாருக்கு வரும்? "நாளைக்கு..." என்று நிறுத்துவார். அறுபது பிள்ளைகளின் மூச்சும் நிற்கும். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி மாட்டுவார். "...பள்ளிக்கு விடுமுறை!" கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

அந்த வருடம் தாளாளர் எல்லா வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார். செயற்கை நுண்ணறிவாம். யார் பேசும்போது பிள்ளைகள் உற்சாகமாக இருக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்டு, ஆசிரியர்களுக்கு அது ரேங்க் போடும். ஏற்கெனவே பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைச் செல்போன் எழுதிக்கொண்டிருந்தது. ஆசிரியர்களின் கம்ப்யூட்டர் அதைத் திருத்திக்கொண்டிருந்தது.

"எழுதுறதும் மிஷின், திருத்துறதும் மிஷின். நடுவுல நோட்டைச் சுமக்குற மனுஷன் நான் ஒருத்தன்தான்" என்று சர்க்குலர் மார்தட்டுவார்.

அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெட்டியிடம் குரல் கொடுத்துப் பதிய வேண்டும் என்றார்கள். அவரிடமும் அட்டை இருந்தது. கொடுத்தார். குரல் எண் இருபத்து மூன்று.

மாதக் கடைசியில் பட்டியல் வந்தது. முதல் ரேங்க், குரல் எண் இருபத்து மூன்று. "இவர் ஒன்றரை நிமிடம் பேசினாலே மாணவர்கள் பேரானந்தம் அடைகிறார்கள். இவரது கற்பித்தல் முறையை மற்றவர்கள் பின்பற்றலாம்" என்று பெட்டி எழுதியிருந்தது. கடைசி ரேங்க் கணக்கு டீச்சருக்கு. "நீண்ட மௌனம். வகுப்பில் மாணவர்கள் இருப்பதற்கான அறிகுறி இல்லை."

"சார், இருபத்து மூணு நம்ம பியூன் சார்" என்றார் ஆபீஸ் கிளார்க்.

தாளாளர் அசரவில்லை. "பெட்டிக்குப் பதவி தெரியாதுய்யா, திறமைதான் தெரியும்."

"எனக்கு இது அப்பவே தெரியும் சார். மிஷினுக்கு இப்பதான் புரிஞ்சிருக்கு" என்றார் சர்க்குலர், அடக்கமாக.

அடுத்த சனிக்கிழமை அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்தார். இருபத்திரண்டு ஆசிரியர்கள் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். அறிவியல் வாத்தியார் கையைத் தூக்கினார்.

"அண்ணே, 'நாளைக்கு'ன்னு சொல்லிட்டு எத்தனை செகண்ட் நிறுத்தணும்?"

"செகண்ட் கணக்கெல்லாம் கிடையாது சார். முதல் பெஞ்சுப் பையன் கண்ணைப் பாக்கணும். முழி வெளிய வந்துருச்சுன்னா 'லீவு'ன்னு விட்டுடணும்."

ஆசிரியர்கள் அதையும் எழுதிக்கொண்டார்கள். வேலை போய்விடும் என்ற பயம் எழுத வைத்தது. திங்கள்கிழமை எல்லா வகுப்பிலும் பாடத்துக்கு நடுவே "நாளைக்கு லீவு" கிளம்பியது. பெட்டி பூரித்துப் போய் எல்லோருக்கும் மார்க்கை அள்ளிக் கொடுத்தது. செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். அவர்களும் கணக்கு டீச்சர் வகுப்புப் பிள்ளைகள். அவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை.

மறுபடியும் கடைசி ரேங்க் அவருக்குத்தான். மூன்று மாதம் தொடர்ந்து கடைசியில் இருந்தால் வேலை இல்லை என்பது தாளாளரின் உத்தரவு. இரண்டு மாதம் முடிந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க டீச்சர். வாயில முத்தா உதிர்ந்துடும்?" என்றார் சர்க்குலர், கணக்கு வகுப்பு வாசலில் நின்று.

"பொய் சொல்லி என் பிள்ளைங்களைக் கத்த வைக்க மாட்டேன் அண்ணே. அவங்க இப்பதான் பின்னத்தைப் பிடிச்சிருக்காங்க."

அப்போதுதான் சர்க்குலர் அந்த வகுப்பை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தார். அறுபது தலைகளும் குனிந்திருந்தன. ஒரு பெண் பென்சிலைக் கடித்தாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். விடை வந்துவிட்டது போல. யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே, காது வரைக்கும் சிரித்தாள். சத்தமே இல்லை. மேலே இருந்த பெட்டிக்குக் காதுதான் உண்டு, கண் இல்லை.

முப்பத்தொரு வருடமாகக் கூரை பிய்கிற சத்தம் கேட்டவருக்கு, அந்தச் சிரிப்பு என்னவோ செய்தது. லீவு அறிவித்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதா பெரிய காரியம்? லீவே விடாமல் ஒரு பொம்பளை சிரிக்க வைத்திருக்கிறாளே!

மறுநாளிலிருந்து அவர் தொழிலையே மாற்றினார். நல்ல செய்தி எதுவானாலும் கணக்குப் பீரியட் வரும்வரை நோட்டுக்குள் பதுக்கினார். ஐந்து வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர் அந்த டீச்சர். ஐந்து வாசலிலும் போய் நின்று ஒரே பாட்டைப் பாடினார்.

"கண்ணாடியை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன் டீச்சர். நீங்களே படிச்சிடுங்க."

"சட்டைப் பையில இருக்கே அண்ணே?"

"அது வேற கண்ணாடி. அதுல லீவு தெரியாது."

விளையாட்டு விழா, சுற்றுலா, நிஜமான விடுமுறை எல்லாம் டீச்சர் வாயால் வந்தன. அத்தனையும் உண்மையானதால் அவரும் மறுக்காமல் படித்தார். கூரை பிய்ந்தது. மற்ற வாத்தியார்களின் வெறும் 'நாளைக்கு லீவு'க்கு இப்போது ஒரு பிள்ளையும் கத்தவில்லை. பரீட்சை தேதி, முடி வெட்டிக்கொண்டு வர வேண்டும், பெற்றோரை அழைத்து வர வேண்டும் என்பதையெல்லாம் மற்ற பீரியட்களில் சர்க்குலர் தன் வாயாலேயே படித்தார். வகுப்பே முனகியது.

இதை ஒரு ஆளிடமும் சொல்ல முடியாதது அவருக்கு வயிற்றுவலி போல இருந்தது. மூக்குப்பொடி வாங்கப் போனால்கூட இரண்டு பெருமை பேசாமல் திரும்பாத மனிதர். "ஏங்க, வாயில ஏதாவது புண்ணா?" என்று மனைவியே கேட்டாள்.

மூன்றாம் மாதப் பட்டியலில் கணக்கு டீச்சர் முதல் ரேங்க். குரல் எண் இருபத்து மூன்று கடைசி. "மாணவர்களிடம் துயரம் உண்டாக்குகிறார். உடனே நீக்கலாம்."

பெட்டி சொன்னால் தாளாளர் மீற மாட்டார். சர்க்குலரை ஆசிரியர் பணியிலிருந்து நீக்கி உத்தரவு போட்டார். மணி அடிக்கும் வேலையைப் பற்றிப் பெட்டி எதுவும் சொல்லாததால் அது அப்படியே இருந்தது. உத்தரவையும் வகுப்பு வகுப்பாகப் படிக்க வேண்டியவர் அவர்தான். படித்தார். கணக்கு டீச்சர் வகுப்பு வாசலில் மட்டும் டீச்சர் கையை நீட்டினார்.

"குடுங்க அண்ணே, நான் படிக்கிறேன்."

"இதை நான்தான் படிக்கணும் டீச்சர். நீங்க படிச்சா பிள்ளைங்க அழும், உங்க மார்க்கு குறைஞ்சிடும்."

டீச்சர் அவரையே பார்த்தார். சட்டைப் பையில் இருந்த கண்ணாடியையும் பார்த்தார்.

உத்தரவைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார் சர்க்குலர். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "மானம் போகுதே! இதையா மாட்டுவாங்க?"

"அடிப் போடி. வேலையில சேர்ந்தவனை நீக்குறது பெரிய விஷயமா? சேராத வேலையிலேருந்து நீக்குன ஒரே ஆளு நான்தான். வேற எவன் இருக்கான், காட்டு பாப்போம்."