இடது பக்கம் தூக்குகிற வண்டி

என் சித்தி மின்சாரக் கார்களைப் பழுது பார்க்கும் வொர்க்‌ஷாப்பில் வேலை செய்கிறாள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் 'காத்து டாக்டர்'. சில பெரிய வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக நான்கு சக்கரத்தின் மேலும் காற்று நிரப்பிய ரப்பர் பைகள் இருக்கும். ஒருவர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் வண்டியே காற்றைக் கூட்டிக் குறைத்து மட்டமாக நின்றுகொள்ளும். அதில் கோளாறு என்றால் சித்தியைத்தான் கூப்பிடுவார்கள்.

சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. "வண்டி நல்லாத்தான் இருக்கு, நீங்க ஓட்டறதுதான் சரியில்ல" என்று கஸ்டமரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவாள். வீட்டிலும் அப்படித்தான். என் மார்க்கைப் பார்த்து, "இதுக்கு நீ ஸ்கூலுக்கே போகாம இருந்திருக்கலாம்" என்றவள்.

சாம்பல் நிற வண்டிக்காரர் ஒருவர் மூன்றாவது முறையாக வந்தார். முன்பு சொன்னதையே சொன்னார்: பின்னால் இடது பக்கம் தூக்கிக்கொண்டு போகிறது. சித்தி பைகளிலும் குழாய்களிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. உயரம் அளக்கும் சென்சாரை ஏற்கெனவே மாற்றியாயிற்று. டேப் பிடித்தால் நான்கு பக்கமும் சரியாகவே இருந்தது.

"வண்டில எதுவும் கழலல, அவருக்குத்தான் கழண்டிருக்கு. அனுப்பி விடு" என்றார் முதலாளி.

சித்திக்கு மனசு கேட்கவில்லை. அவரையே ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனாள். ஒரு திருப்பத்தில், "இதோ தூக்குது பாரும்மா" என்றார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எப்பலேருந்து சார் இப்படி?"

"ரெண்டு மாசமா."

"பின்னாடி அந்தப் பக்கம் யாரு உக்காருவாங்க?"

"பொண்ணு. ஸ்கூலுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்." கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார். "காய்ச்சல்னு ஆஸ்பத்திரில சேர்த்தோம். அவ திரும்பி வரல."

வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"சார், வண்டில பழுது எதுவும் இல்ல" என்றாள் சித்தி, மெதுவாக.

"ஏதாவது ஒண்ணு போயிருக்குன்னு சொல்லும்மா. மாத்திடலாம்."

சித்தி இறங்கிப் போய், பின்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டாள்.

"ஓட்டுங்க சார்."

அதே திருப்பம் வந்தது. "இப்ப சரியா இருக்கு" என்றார்.

அங்கே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வண்டிக்கு ஒன்றுதான். சித்தி அதைச் சொல்லவில்லை. அவர் வொர்க்‌ஷாப் கேட்டைத் தாண்டி இன்னொரு சுற்றுப் போனார். பிறகு மறுபடியும். சித்தி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் இறங்கினால் திரும்பவும் தூக்கும்.